எதிர் வீட்டுக்குப் போன ஜப்தி

அது உனக்கு வந்த ஜப்தி இல்லை தங்கச்சி, எனக்கு வந்தது. வழி தவறிக் கொஞ்சம் உன் வீட்டுப் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். அதற்குள் எந்த மகராசி உன்னிடம் வந்து வத்தி வைத்தாள்? நாலு பேர் வந்து டேப்பு வைத்து உன் மாட்டுக்கொட்டகையை அளந்தார்கள், கறுப்புக் கோட்டு வக்கீல் உன் பசுவோடு நின்று பேசிக்கொண்டிருந்தார் என்று சொல்லியிருப்பாளே. அளந்தது உண்மை. கோட்டுக்காரர் நின்றதும் உண்மை. பேசினார் என்பது மட்டும் பொய். கொட்டகையில் அவர் வாயே திறக்கவில்லை, எனக்கு இதில் பிடித்த இடமே அதுதான். நீ நேற்றைக்கென்று பார்த்துத் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய்விட்டாய். சரி, உட்கார். கையில் இருக்கும் முருங்கைக்கீரையில் பாதியை இப்படித் தள்ளு. உருவிக்கொண்டே சொல்கிறேன்.

எங்கள் வீடு போக இருந்தது. இதுநாள் வரை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. முறைக்காதே, காரணம் வருகிறது.

பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி வைக்கிறேன் என்று பையன் வீட்டுக்கடன் கம்பெனியில் கடன் வாங்கினானா, மனை என் பேரில் இருப்பதால் நானும் போய்க் கைநாட்டு வைத்தேன். இரண்டு வருஷம் மாசம் தவறாமல் கட்டினான். அப்புறம் கண்டமங்கலம் ரோட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். எட்டு மாசம் வீட்டோடு இருந்தான். ஆம்பிளை எட்டு மாசம் வீட்டோடு இருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா, உன் வீட்டுக்காரர் மில்லில் ஸ்டிரைக் நடந்தபோது நீ இங்கே வந்துதானே மூக்கைச் சிந்தினாய். என் பையன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், சாப்பிட மாட்டான். அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

அந்தச் சமயத்தில்தான் தபால்காரர் கவர் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, சீல் தெரியும். சீல் அடித்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுக்கிற கவரில் நல்ல சேதி இருக்காது என்றும் தெரியும். பகல் பதினோரு மணிக்கு வருவார். மருமகள் வேலைக்குப் போயிருப்பாள், பையன் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அவன் முகம் கொஞ்சம் தெளியட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று அரிசி டிரம்முக்குள் செருகி வைத்தேன். முகம் தெளியவே இல்லை. இன்னொரு கவர் வந்தது. அதுவும் டிரம்முக்குள் போனது. அரிசி குறையக் குறைய இன்னும் அடியில் தள்ளினேன். மூன்று கவர். இதுதான் நான் செய்த தப்பு, முதலிலேயே சொல்லிவிட்டேன், பின்னால் நீ கண்டுபிடித்த மாதிரி பேசாதே.

பிறகு ஒரு நாள் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பேண்டு சட்டை, கழுத்தில் அட்டை, கையில் பசை டப்பா. என் பேரைக் கேட்டார்கள், நான்தான் என்றேன். கதவில் பெரிய காகிதம் ஒன்றை ஒட்டினார்கள். அரசாங்கத்தில் வீட்டுக்கு வீடு ஏதேதோ ஒட்டுகிறார்களே, கொசு மருந்து அடித்தது, தலை எண்ணியது, அப்படி ஏதோ என்று நினைத்தேன். பக்கத்தில் நில்லுங்கள், போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். போட்டோ என்றதும் எனக்குச் சந்தோஷம் பார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். எடுத்தார்கள். காட்டச் சொன்னேன். அதில் கண்ணை மூடியிருந்தேன். நன்றாகவா இருக்கிறது, இன்னொன்று எடுங்கள் என்று சொல்லி, சிரித்தபடி இன்னொன்று எடுத்துக்கொண்டேன். வெயிலில் வந்தவர்கள் என்று தண்ணீரும் கொடுத்து அனுப்பினேன். அந்தக் கம்பெனி ஆபீசில் எத்தனையோ ஜப்தி போட்டோ இருக்கும். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் மருமகள் வந்து, பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்று படித்தாள். படித்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"இன்னாடி எழுதிக்குது?" என்றேன்.

"ஊட்ட கம்பெனி எடுத்துக்கிச்சாம் அத்தை. இனிமே ஏலம் உடுவாங்களாம்" என்றாள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பையனுக்கு அப்போதுதான் திண்டிவனத்துப் பக்கம் புது வேலை கிடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நல்ல காலம் வரும்போது கூடவே இதுவும் வந்துவிட்டதே என்று தலையில் கை வைத்துக்கொண்டான். வக்கீலைப் பார் என்றேன். புது வேலையில் லீவு போட்டால் அதுவும் போய்விடும் என்றான். மருமகளுக்கும் அதே கதை. வீட்டில் லீவு போடாமல் எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய ஆள் யார்? நான்தான். அதோடு அரிசி டிரம் வேறு என் மனசை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கதவுக் காகிதத்தைப் பதமாகத் தண்ணீர் தொட்டு உரித்து எடுத்துக்கொண்டேன், மூன்று கவரையும் எடுத்துக்கொண்டேன், போகிற இடத்துக்குக் கைவீசிக்கொண்டு போகக் கூடாது என்று ஒரு படி வறுத்த மல்லாட்டையும் கட்டிக்கொண்டேன். விழுப்புரம் பஸ் ஏறினேன்.

வக்கீல் பிடிப்பது எப்படி என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மாப்பிள்ளை பார்க்கத் தெரியும், அதே மாதிரிதான் இதுவும் என்று முடிவு செய்துகொண்டேன். இரண்டு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவள் நான். ஆளைப் பார்க்க வேண்டும், நாலு பேர் எப்படி மதிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், குரல் எப்படி என்று கேட்க வேண்டும். கோர்ட்டு வாசலில் தகரக் கொட்டகை போட்டு டைப் அடிக்கிறார்களே, அங்கே நிழலில் உட்கார்ந்து வருகிற போகிற கோட்டையெல்லாம் பார்த்தேன். சில பேர் கோட்டு கிழிசலாக இருந்தது. சில பேர் ஓடினார்கள், ஓடுகிற ஆள் நமக்கு எதற்கு. ஒருத்தர் வந்தார் பார். நல்ல வாட்டசாட்டம், பின்னால் இரண்டு ஜூனியர் கேஸ் கட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், இவர் போனில் பேசுகிற சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்கிறது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். இவர்தான் என் மாப்பிள்ளை என்று எழுந்து பின்னாலேயே போய்விட்டேன்.

அவர் ரூமில் ஏசி. நாற்காலி போட்டு உட்கார வைத்தார், நல்ல மனுஷன்தான். மல்லாட்டை மூட்டையை அவிழ்த்து மேஜையில் வைத்தேன். ஒரு கை வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே சொல்லுங்கம்மா என்றார். நான் ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். என் மாமியார் காலத்து மனை, ஓட்டு வீடு ஒழுகியது, பையன் கல்யாணம், மருமகளுக்கு மாடி வேண்டும் என்று இருந்த ஆசை, கம்பெனி மூடியது எல்லாம் சொல்லி முடிக்க மல்லாட்டை பாதி தீர்ந்துவிட்டது. ஜூனியர்களும் உரித்துச் சாப்பிட்டார்கள். இத்தனைக்கும் காரணமான கவர் இதுதான் என்று மூன்றையும் எடுத்து வைத்தேன். மனுஷன் கவரைத் திருப்பிப் பார்த்தார். வாயில் இருந்த மல்லாட்டையை மெல்லுவது அப்படியே நின்றது.

"ஏம்மா, இந்தக் கவர அனுப்புனதே நான்தாம்மா" என்றார்.

அதில் இருந்த சீல் அவருடைய சீலாம். கடன் கம்பெனிக்கு அவர்தான் வக்கீலாம். இதில் என்ன கெட்டுப்போனது என்று எனக்குத் தோன்றியது. என் பெரிய பெண் கல்யாணத்துக்குத் தரகர் ஒருத்தர்தான் இரண்டு பக்கமும் பேசினார், கல்யாணம் நல்லபடியாகத்தானே நடந்தது. அதையே அவரிடம் சொன்னேன்.

"நீங்களே ரெண்டு பக்கமும் பேசி முடிச்சி உட்டுடுங்களேன். நானும் இந்த வெயில்ல அலய வேணாம்."

ஜூனியர் இரண்டு பேரும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அப்படிச் செய்தால் தன் கோட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான் என்றார். நீங்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் எதுவும் கேட்கவில்லை, வேறு வக்கீலைப் பாருங்கள், ஜல்தியாகப் பாருங்கள், நாள் ஓடுகிறது என்றார். மீதி மல்லாட்டையை அவரே கட்டிக் கொடுத்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நல்ல மாப்பிள்ளைதான், வேறு வீட்டில் ஏற்கெனவே கட்டிக்கொடுத்துவிட்டார்கள், வேறென்ன.

வெளியே வந்தால் தலை சுற்றியது. கோர்ட்டு கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற பொம்பளை ஒருத்தி என்னை உட்கார வைத்து டீ கொடுத்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உனக்குத்தான் என் வாயைத் தெரியுமே. சொல்லச் சொல்ல எனக்கு ஒரு யோசனை வந்தது.

"இந்தக் கோர்ட்ல அவரு யாரப் பாத்தா பயப்புடுவாரு?" என்று கேட்டேன்.

அவள் டீ ஆற்றுவதை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆயா, நீ சாமானியப்பட்ட ஆளு இல்ல" என்றாள். "திண்டிவனத்துல ஒரு வக்கீலம்மா கீது. அது இங்க வர்ற அன்னிக்கி இவரு டீயப் பாதியில வெச்சிட்டு உள்ள போய் கட்டப் பிரிச்சிக்கினு உக்காந்துடுவாரு."

எனக்கு அது போதும். மறுநாள் திண்டிவனம் பஸ்.

அந்த வக்கீலம்மா ஆபீசு, மோட்டார் பம்பு விற்கிற கடைக்கு மேலே, மச்சில். படி எண்ணி மாளாது, செங்குத்து. ஏறுவதற்கு முன்னால் கீழே பம்புக்கடைக்காரரிடம் விசாரித்தேன். வாடகை ஒழுங்காகத் தருகிறாளா, ஆள் வந்தால் முகம் கொடுத்துப் பேசுகிறாளா, பணம் பிடுங்குவாளா என்று கேட்டேன். அவர், பெண் பார்க்க வந்திருக்கிறீர்களா, அந்தம்மாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை இருக்கிறது என்றார். அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஏசி இல்லை, ஜூனியர் இல்லை. ஒடிசலாக ஒரு பெண், என் சின்னப் பெண் வயசுதான் இருக்கும். பேசினால் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். எனக்கு மனசு ஒப்பவில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுவது இல்லையா.

"ஒரு தடவ சத்தமா பேசிக் காட்டும்மா" என்றேன்.

அவள் பேனாவை மூடாமலே, "கோர்ட்டு செவுடு இல்லம்மா" என்றாள். அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். இவளைப் பார்த்துத்தான் அவர் டீயை வைத்துவிட்டு ஓடுகிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று வக்காலத்துக் காகிதத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்தேன். நல்ல அழுத்தமான ரேகை எனக்கு, அவளே சொன்னாள்.

கவரைப் பிரித்துப் படித்தாள். மூன்றையும் படித்தாள். முகம் மாறிவிட்டது. எங்கே வைத்திருந்தீர்கள், கவரில் அரிசித் தவிடு ஒட்டியிருக்கிறதே என்றாள். சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை, அதைவிட மோசமாக ஒன்று சொன்னாள்.

"இந்த மொத கவர்ல உங்களுக்கு அறுவது நாளு இருந்திச்சும்மா. நீங்க அத அரிசிக்குள்ள போட்டு வெச்சிட்டீங்க."

அறுபது நாளுக்குள் பதில் எழுதியிருந்தால், அவகாசம் கேட்டிருந்தால் கதவு வரைக்கும் வந்திருக்காதாம். தங்கச்சி, எனக்கு அப்போது அழுகை வந்தது. என் மாமியார் எனக்குக் கொடுத்த மனை, என் பையன் கொத்தனாரோடு சேர்ந்து தானே செங்கல் தூக்கிக் கட்டிய வீடு, நான் ஒருத்தி அரிசி டிரம்மில் போட்டு மூடி வைத்துவிட்டேனே. அவள் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். அழுது முடிங்கம்மா, அதற்குள் நான் இதைப் படித்துவிடுகிறேன் என்று கதவுக் காகிதத்தை விரித்தாள்.

படித்தவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பேர் இருக்கிற இடத்தைப் பார்ப்பார்கள், ரூபாய் இருக்கிற இடத்தைப் பார்ப்பார்கள், மடித்துவிடுவார்கள். என் மருமகளும் அப்படித்தான் படித்தாள், பையனும் அப்படித்தான் படித்தான். இந்தப் பெண் கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தாள். அடியில் சொத்து விவரம் என்று இருந்ததாம். அதை எனக்குத் தமிழில் வாய்விட்டுப் படித்துச் சொன்னாள். சர்வே நம்பர் சொன்னாள், சரி என்றேன், எனக்கு நம்பர் என்ன தெரியும். அப்புறம் நாலு எல்லையைப் படித்தாள். கிழக்கே தெரு, மேற்கே மல்லாட்டைக் கொல்லை, வடக்கே டைலர் வீடு, தெற்கே கோயில் நிலம்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. என் வீட்டுக்குத் தெரு மேற்கே அல்லவா இருக்கிறது? கிழக்கே ஏரி வாய்க்கால். வடக்கே பால் சொசைட்டிக்காரர் வீடு, தெற்கே என் கொழுந்தன் மனை. கிழக்கே தெரு இருக்கிறது, பின்னால் மல்லாட்டைக் கொல்லை இருக்கிறது, பக்கத்தில் டைலர் இருக்கிறார் என்றால் அது யார் வீடு? சொல் பார்ப்போம். உன் வீடுதானே.

"இது எங்கூடு இல்லம்மா. எதிர் ஊட்டுத் தங்கச்சி ஊடு" என்றேன்.

அவள் பென்சிலை எடுத்துக் கட்டம் போட்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள். இரண்டு வீட்டு எல்லையையும் நான் தடுமாறாமல் சொன்னேன். நமக்கெல்லாம் எழுத்து எதற்கு, பொழுது எங்கே முளைக்கிறது என்று தெரிந்தால் போதாதா. எப்படி இப்படி ஆகும் என்று அவள் யோசித்தாள். யோசித்தது அவள், ஞாபகம் வந்தது எனக்கு.

சித்திரை வெயிலில் ஹெல்மெட்டோடு மீசைக்காரர் ஒருத்தர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நீகூட மோர் கொடுத்தாய். கடன் கம்பெனி ஆள், வீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும் என்றார். எங்கள் வீட்டு வாசலில் ஒரு பொட்டு நிழல் உண்டா? பாவம், வேர்த்து ஊற்றியது. வாங்க என்று கூட்டிக்கொண்டு போய் உன் வாசல் புங்கமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார வைத்தது நான்தான். மோரைக் குடித்துவிட்டு நோட்டை எடுத்தார். கிழக்கே என்னம்மா என்றார். நான் விரலை நீட்டித் தெரு என்றேன். மேற்கே என்றார். கொல்லை என்றேன். உட்கார்ந்திருக்கிற இடத்தைக் கேட்கிறார் என்று நான் நினைத்தேன், என் வீட்டைச் சொல்கிறேன் என்று அவர் நினைத்தார். மனுஷன் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. அவ்வளவு வெயில்.

இதைச் சொன்னதும் வக்கீலம்மா சிரித்தாள் பார், சிரிப்பில் மட்டும் அவளுக்கு நல்ல சத்தம். கீழே பம்புக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். நம்பர் ஒரு வீட்டைச் சொல்லி நாலு எல்லை வேறு வீட்டைச் சொன்னால், கோர்ட்டில் எல்லைதான் நிற்குமாம். நம்பரை யார் வேண்டுமானாலும் தப்பாக எழுதலாம், தெருவையும் வாய்க்காலையும் யார் தூக்கி வைப்பது என்றாள். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை நீட்டி எச்சரிக்கையும் செய்தாள். இதனால் கடன் ஒழிந்துவிடாது, கிடைப்பது நாள்தான், அந்த நாளுக்குள் பையன் கட்ட வழி பார்க்க வேண்டும், இல்லையென்றால் சரியாக எழுதிக்கொண்டு மறுபடி வருவார்கள் என்றாள். தான் பதில் அனுப்பி அவர்கள் வந்து பார்க்கிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னாள்.

அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை. மூன்று வாரம். நான், மூன்று வாரம், ஒரு சேதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு. உன்னைக் கண்டால் சொல்லிவிடுவேன் என்று பயந்து, நீ கோலம் போட வருகிற நேரத்தில் நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். உன் கோழி என் கொத்தமல்லியைக் கிளறியதற்கு நான் கோபமாக இருக்கிறேன் என்று நீ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயாம். கோபமும் இருந்தது, அது வேறு.

பையனிடம் மட்டும் அன்றைக்கே டிரம் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இனிமே கவரு வந்தா குடுத்துடும்மா. நான் கோவமா இருந்தாலும் குடுத்துடு" என்றான்.

நேற்று வந்தார்கள். கம்பெனி ஆபீசர், நம்முடைய மோர் குடித்த மீசைக்காரர், விழுப்புரத்துப் பெரிய வக்கீல், என் வக்கீலம்மா. பையன் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தான். வக்கீலம்மா அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், உங்கள் காகிதத்தில் இருக்கிற எல்லைப்படி நடந்து காட்டுங்கள் என்று. ஆபீசர் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கிழக்கே தெரு இருக்கும்படி நின்றார். முதுகு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. டேப்பைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனார், போனார், நேராக உன் மாட்டுக்கொட்டகைக்குள் போய் நின்றார். உன் பசு யாரடா இது என்று பார்த்துவிட்டு, பெரிய வக்கீலின் கோட்டு நுனியை நக்க ஆரம்பித்தது. அவர் கோட்டை இழுத்துக்கொண்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். மல்லாட்டை ஞாபகம் வந்திருக்கும்.

ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. திசை கொஞ்சம் மாறிப்போய்விட்டது, ஆபீசுக்குப் போய்த் திருத்திக்கொள்கிறோம் என்றார். திருத்துங்கள், முதல் நோட்டீசிலிருந்து திருத்துங்கள், மறுபடி அறுபது நாள் கொடுங்கள் என்றாள் என் வக்கீலம்மா, காதோடு சொல்கிற மாதிரி. ஆபீசர் அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். ஏம்மா, அடமானம் வைத்தது எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியாதா, இந்த வீடா அந்த வீடா, மனசைத் தொட்டுச் சொல்லுங்கள் என்றார். வக்கீலம்மா என் கையை லேசாகப் பிடித்தாள், பேசாதே என்று அர்த்தம். நான் எங்கே பேசாமல் இருந்தேன்.

"எங்கூடுதான் அடமானம், நான் இல்லன்னு சொல்லல. கடன் வாங்குனதும் எம்புள்ளதான். கட்றோம்னுதான் சொல்றோம். எங்கூட்டுக் கடனுக்கு இந்தத் தங்கச்சி ஊட்ட எழுதி வெச்சிக்கினு வந்து நிக்கிறீங்களே, அது நாயமா? அது ஒரு வாய் மோரு குடுத்துச்சு, அதுக்கா இது?"

மோர் என்றதும் மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கேசைக் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆபீசர் டேப்பைச் சுருட்டி மீசைக்காரரிடம் கொடுத்தார். பிறகு பையனைப் பார்த்து, இப்போது வேலை இருக்கிறதா என்று கேட்டார். பையன் புது வேலைக் காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். வாங்கிப் படித்தார். பெரிய வக்கீல் அப்போதுதான் அவர் காதில் ஏதோ சொன்னார், மெதுவாக. அவருக்கும் மெதுவாகப் பேசத் தெரிந்திருக்கிறது.

அந்தப் புங்கமரத்தடியிலேயே பேசி முடித்துவிட்டார்கள். இந்த நோட்டீசை வாபஸ் வாங்கிக்கொள்வது, விட்டுப்போன எட்டு மாசத் தவணையைக் கடைசியில் சேர்த்துக்கொள்வது, இந்த மாசத்திலிருந்து ஒழுங்காகக் கட்டுவது. வாயால் சொன்னால் செல்லாது, எழுத்தில் வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டாள். கிளம்பும்போது என்னிடம் வந்து, அம்மா, அடுத்த தடவை நான் கையைப் பிடித்தால் பேசாதீங்க என்றாள். அடுத்த தடவை எதற்கு வரப்போகிறது என்றேன்.

இன்றைக்குக் காலையில் வக்கீலம்மா போன் பண்ணினாள். நேற்றே எழுத்து வந்துவிட்டதாம், கையெழுத்து, சீல் எல்லாம் சரியாக இருக்கிறதாம். வீடு நம்முடையதுதான் என்று பையனிடம் சொன்னேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். ஒரு ரூம் விடாமல் சுற்றி வந்தான். மாடிப்படிக்கு அடியில் காசில்லாமல் பூசாமல் விட்ட சுவர் இருக்கிறது பார், அதில் கையை வைத்துத் தடவிக்கொண்டே, இதைப் பூசிவிட வேண்டும்மா என்றான். எத்தனை மாசம் கழித்து இந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுகிறான் தெரியுமா. மருமகள் அடுப்படியில் நின்று அழுதாள். நான் அழவில்லை, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏலத்துக்குப் போக இருந்த சுவருக்குச் சிமெண்டு வாங்குகிற யோசனை வந்துவிட்டதே என்று.

உன் வீட்டுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. உன் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை, வக்கீலம்மாவிடம் அதையும் கேட்டுவிட்டேன். உன் வீட்டுக்காரருக்கு நீயே பக்குவமாகச் சொல்லு. என்னை விட்டுச் சொல்லச் சொன்னால் நான் மாப்பிள்ளை பார்த்த கதையிலிருந்து ஆரம்பிப்பேன், அவருக்கு அவ்வளவு பொறுமை ஏது, அன்றைக்குக்கூட பஞ்சாயத்து ஆபீசில்...

இரு இரு. எங்கள் வீட்டுக் குழாயில் காற்று சீறுகிறது கேட்கிறதா? தண்ணீர் விட்டுவிட்டான். அரை மணி நேரம்தான் வரும், குடமெல்லாம் உள்ளே கவிழ்ந்து கிடக்கிறது. நகரு, நகரு, நான் போய்ப் பிடிக்கிறேன்.